பூண்டு அறுவடையும் குடும்பப் பண்ணையின் அன்றாடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டார் மட்டுமே பாடுபடும் ஒரு சிறு பண்ணையில் பூண்டு பயிரிடுகிறோம் என்று சொன்னவுடன் பெரும்பாலானோர் கேட்பது, பறிக்கும் வேலை கடினமா என்பதைத்தான். பறிப்பது இரண்டு மூன்று நாள் வேலை. பறிக்கும் நாளைக் கணிப்பதும், பறித்ததை உலர்த்துவதும், அவற்றுக்கிடையே வீட்டின் மற்ற வேலைகளை ஓடவைப்பதுமே உண்மையான பாடு. எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை அந்தக் கண்ணோட்டத்தில் இங்கே எழுதியிருக்கிறோம்.

பூண்டு முற்றிவிட்டது என்பதை மண்ணுக்கு மேலே பார்த்தே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். பூண்டுச் செடியின் ஒவ்வொரு தாளும் மண்ணுக்குள் இறங்கி, குமிழைச் சுற்றிய ஓர் உறையாக முடிகிறது. ஆகவே மேலே ஒரு தாள் காய்ந்தால் கீழே ஓர் உறை நைந்துபோகத் தொடங்குகிறது என்று கொள்ளலாம். கடைகளில் காணும் பூண்டின் மேல் இருக்கும் வெண்ணிறச் சருகுத்தோல் முழுவதும் ஒரு காலத்தில் பச்சைத் தாளின் அடிப்பகுதியாக இருந்ததுதான். இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு அறுவடைக் கணக்கு எளிது. அடித்தாள்கள் மூன்று நான்கு காய்ந்து, மேலே ஐந்தாறு தாள்கள் இன்னும் பச்சையாக நிற்கும் நிலையில் குமிழ் பெருத்திருக்கும். உலர்த்தும்போதும் துடைக்கும்போதும் இரண்டொரு உறைகள் கழன்றுவிட்டாலும், மீதமுள்ளவை பல்லைக் காப்பதற்குப் போதுமானவையாக இருக்கும்.

ஆனால் தாளை மட்டும் நம்பக் கூடாது. தண்ணீர்க் குறைவினாலும், இலைப்பேன் தாக்குதலினாலும், தழைச்சத்துப் பற்றாக்குறையினாலும் அடித்தாள்கள் முன்கூட்டியே மஞ்சளாகலாம். ஆகையால் வயலின் வெவ்வேறு இடங்களில் மூன்று நான்கு செடிகளைத் தோண்டி எடுத்து, குமிழைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. பற்கள் தனித்தனியாகப் பிரிந்து, உறைக்குள் இடைவெளியில்லாமல் நிறைந்திருந்தால் நாள் வந்துவிட்டது. வெங்காயத்தைப் போலப் பிரிவினை தெளிவாகத் தெரியாமல் இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். பற்கள் உறையைக் கிழித்துக்கொண்டு பூவிதழ்போல விரிந்திருந்தால் நாள் தவறிவிட்டது. அப்படிப்பட்ட பூண்டு உண்பதற்கு நன்றாகவே இருக்கும், ஆனால் நெடுநாள் இருப்புக்கு ஆகாது.

பிந்துவதா முந்துவதா என்று ஐயம் வந்தால் நாங்கள் முந்துவதையே தேர்ந்தெடுப்போம். சற்று முந்திப் பறித்தால் எடையில் கொஞ்சம் இழப்போம். பிந்திப் பறித்தாலோ இருப்பில் பெரும்பகுதியை இழக்க நேரிடும்.

தண்ணீர் பாய்ச்சுவதை எப்போது நிறுத்த வேண்டும்?

அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பாக. ஈரம் மிகுந்த மண்ணில் உறைகள் கறுத்து அழுகும். தோண்டும்போது சேறு ஒட்டிக்கொள்ளும். உலர்த்தும் காலமும் நீளும். மணற்பாங்கான நிலமாக இருந்தால் ஒரு வாரமே போதும். களிமண் நிலம் முற்றாகக் காய்ந்தால் கல்லாக இறுகிவிடும் என்பதால், சற்றே ஈரம் எஞ்சியிருக்கும்போதே தோண்டுவது கைக்கும் நல்லது, பூண்டுக்கும் நல்லது.

நடுவிலிருந்து வரும் பூந்தண்டை ஒடித்துவிட வேண்டுமா?

பூண்டில் தண்டு விடும் வகை, விடாத வகை என்று இரண்டு உண்டு. தண்டு விடும் வகையில் அது வளைந்து சுருளும் பருவத்திலேயே ஒடித்துவிட்டால், பூங்கொத்தை வளர்க்கச் செல்லும் ஊட்டம் குமிழுக்குத் திரும்பும். ஒடித்த தண்டு சமையலுக்கு உதவும். சில செடிகளில் மட்டும் நாங்கள் தண்டை விட்டுவைப்பதுண்டு. அதற்கான காரணத்தை விதைப்பூண்டு பற்றிய கேள்வியில் சொல்கிறோம்.

பறிக்கும் நாள் எப்படிக் கழிகிறது?

முதல் வேலை பூண்டு அல்ல, கால்நடைகள்தான். பால் கறப்பதும், தீவனம் வைப்பதும், கோழிகளைத் திறந்துவிடுவதும் அறுவடைக்காகக் காத்திருக்கமாட்டா. ஆகவே வீட்டில் ஒருவர் விடியலுக்கு முன்பே அந்த வேலைகளை முடிக்க, மற்றொருவர் கருவிகளையும் தட்டுக்கூடைகளையும் வயலுக்குக் கொண்டுபோய் வைப்பார். பனி உலர்ந்தபின், வெயில் ஏறுவதற்கு முன்பு கிடைக்கும் மூன்று நான்கு மணி நேரமே தோண்டுவதற்கு ஏற்ற பொழுது. பூண்டு எடுத்த கையோடு வெயிலில் கிடந்தால் அதன் மேற்புறப் பற்கள் வெந்து, பின்னர் கண்ணாடிபோல மஞ்சளாகி மென்மையடைந்துவிடும். அதனால் ஒருவர் தோண்ட, ஒருவர் எடுத்து அடுக்க, ஒருவர் நிழலுக்குக் கொண்டுபோக என்று மூன்று கைகள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்ல வேண்டும். தோண்டுபவர் வேகமாகப் போய்விட்டால் பின்னால் பூண்டு வெயிலில் குவிந்துவிடும். எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் இந்த ஒரு காரணத்திற்காகவே சிறு சச்சரவு வரும். இப்போது தோண்டுபவர் இருபது அடிக்கு மேல் முன்னேறக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

தாளைப் பிடித்து இழுத்தே பறித்துவிடலாம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். இழுத்தால் கழுத்து அறுந்து தாள் மட்டும் கையோடு வரும், அல்லது வேர் கிளம்பும் அடித்தட்டு விரிசல் விட்டு அந்த வழியே பூசணம் புகும். வரிசையிலிருந்து சற்றுத் தள்ளி, முட்கள் கொண்ட தோண்டுகருவியை ஆழமாக இறக்கி மண்ணை நெம்பிவிட்ட பிறகு, செடியை மெல்லத் தூக்க வேண்டும். மண்வெட்டியும் பயன்படும், ஆனால் தவறி வெட்டுப்பட்டவை கணிசமாகச் சேரும். வெட்டுப்பட்டவற்றைத் தனிக்கூடையில் போட்டு அந்த வாரமே சமைத்துத் தீர்க்க வேண்டும். வேரில் ஒட்டிய மண்ணை உதிர்க்க ஒரு பூண்டை இன்னொன்றோடு தட்டுவதும், தூரத்திலிருந்து கூடைக்குள் எறிவதும் கூடாது. புதிதாக எடுத்த பூண்டு பார்ப்பதற்குத் திடமாக இருந்தாலும், பழத்தைப் போலவே அடிபடும். அடிபட்ட காயம் அன்று தெரியாது; இரண்டு மாதம் கழித்து, பூசணம் பூத்த பல்லாக வெளிவரும்.

உச்சிப்பொழுதில் வயல்வேலை நிற்கும். உணவுக்குப்பின் நிழலில் அமர்ந்து, காலையில் எடுத்ததைக் கட்டுகளாகக் கட்டுவதும் அடுக்குவதும் நடக்கும். மாலையில் மீண்டும் கால்நடைகள், மற்றப் பயிர்களுக்குத் தண்ணீர், பின்னர் வெளிச்சம் இருக்கும்வரை ஓரிரு வரிசைகள். இரவில் குறிப்பேட்டில் எத்தனை வரிசை எடுத்தோம், எந்தப் பாத்தியில் அழுகல் இருந்தது என்று எழுதுவதற்குள் கண் சொக்கிவிடும். ஆனாலும் அந்த நான்கு வரிகளை எழுதாமல் படுப்பதில்லை.

வீட்டிலுள்ள பிள்ளைகளும் முதியவர்களும் என்ன வேலை செய்யலாம்?

தோண்டுவதைத் தவிர ஏறக்குறைய எல்லாமே செய்யலாம். பத்துப் பத்தாக எண்ணிக் கட்டுவது பிள்ளைகளுக்கு உகந்த வேலை. எண்ணிக்கை தவறாதிருக்க அவர்களே பெரியவர்களைக் கண்காணிப்பார்கள். நல்லது, அடிபட்டது, சிறியது என்று தரம் பிரிக்கும் வேலையைப் பழகிய முதியவர்களிடம் ஒப்படைப்பதே சிறந்தது. அவர்கள் பார்ப்பதைவிடத் தொட்டே அறிவார்கள். விரலால் கழுத்தை அழுத்தி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பூண்டுச் சாறு நெடுநேரம் தோலில் படிந்திருந்தால் எரிச்சலும், சில வேளைகளில் கொப்புளமும் உண்டாகும். வெட்டுப்பட்ட பூண்டைப் பிரிப்பவர்கள் கையுறை அணிவது நல்லது.

எடுத்த பூண்டைக் கழுவலாமா?

கூடாது. மண் உலர்ந்தால் தானே உதிரும்.

எப்படி, எத்தனை நாள் உலர்த்த வேண்டும்?

மழை படாத, நேரடி வெயில் விழாத, காற்று தாராளமாக ஓடும் இடத்தில் 2 முதல் 4 வாரம் வரை. தாளையும் வேரையும் நறுக்காமல் அப்படியே உலரவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கழுத்து ஈரமாக இருக்கும்போதே அதை வெட்டினால் அந்த வெட்டுவாயே பூசணத்துக்கு நுழைவாசல் ஆகிவிடும். இடம் மிகக் குறைவாக இருப்பவர்கள் தாளின் மேற்பாதியை மட்டும் நறுக்கலாம்.

பத்துப் பத்தாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடலாம். சல்லடைபோன்ற தட்டுகளில் ஓரடுக்காகப் பரப்பலாம். எந்த முறையானாலும் காற்று எல்லாப் பக்கமும் படுவதே முக்கியம். தரையில் குவித்து வைத்தால் குவியலின் நடுவே வெப்பமும் ஈரமும் தங்கி, வெளிப்புறம் நன்றாகக் காய்ந்ததுபோல் தோன்ற, உள்ளிருப்பவை புழுங்கிக் கெடும். 25 முதல் 30 பாகை செல்சியசு வெப்பம் ஏற்றது. தகரக் கூரைக்கு நேர் கீழே தொங்கவிடும்போது வெப்பம் இதைவிட வெகுவாக ஏறக்கூடும் என்பதால் அங்கே ஒரு வெப்பமானியை மாட்டிவைப்பது வீண்செலவன்று.

உலர்ந்ததற்கு அடையாளங்கள் மூன்று. வெளியுறை காகிதம்போலச் சரசரக்கும். வேர்கள் விறைத்துத் தூரிகைபோல ஆகிவிடும். கழுத்தைக் குமிழுக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே நறுக்கினால் உள்ளே பச்சை நிறமோ ஈரமோ இராது. மூன்றாவது அடையாளமே தீர்ப்பு. முதல் இரண்டும் முன்னதாகவே வந்து ஏமாற்றும்.

இந்த வாரங்களில் பூண்டு தன் எடையில் கணிசமான பங்கை இழக்கும். எடுத்த அன்று நிறுத்துப் பார்த்து மகிழ்ந்தவர்கள் மனம் தளர வேண்டாம். போனது நீர்தான், இருப்பைக் கெடுக்கக்கூடியதும் அதுவே.

அறுவடை நாளில் மழை வந்துவிட்டால்?

முற்றாத பூண்டாக இருந்தால் மழை விட்டு மண் சற்று இறுகும்வரை காத்திருக்கலாம். முற்றிய பூண்டை ஈரமண்ணில் ஒரு வாரத்திற்குமேல் விடுவது ஆபத்து. உறைகள் கறையேறிக் கிழியும், தண்ணீர் கண்ட பற்கள் மீண்டும் வேர்விடவும் தொடங்கும். ஒரு முறை நாங்கள் மழை ஓயட்டும் என்று ஒன்பது நாள் காத்திருந்தோம். தோண்டியபோது பாதிக்கு மேற்பட்டவை உறை கிழிந்து பல் பிரிந்திருந்தன. அன்றிலிருந்து, முன்னறிவிப்பில் தொடர்மழை என்று தெரிந்தால் நான்கைந்து நாள் முந்தியே எடுத்துவிடுகிறோம். நனைந்த மண்ணில் எடுக்க நேர்ந்தால், ஒட்டிய சேற்றைக் கையால் மெதுவாக வழித்துவிட்டு, முதல் மூன்று நாள் மின்விசிறி ஓட்டுவது பெரிதும் கைகொடுக்கும்.

உலர்ந்த பூண்டை எங்கே வைப்பது? குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பூண்டுக்கு ஏற்ற இடமன்று. பூண்டு குளிர்காலத்தைக் கடந்த பிறகே முளைத்து வளரும் இயல்புடையது. 5 முதல் 10 பாகை வரையிலான குளிர்ச்சி கிடைத்தால், முளைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும். பெரிய கிடங்குகளில் ஏறத்தாழ 0 பாகையில், 60 முதல் 70 விழுக்காட்டு ஈரப்பதத்தில் பல மாதங்கள் வைத்திருக்கிறார்கள். அத்தகைய வசதியில்லாத வீட்டில், காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில் வலைப்பைகளில் வைப்பதே முறை. தண்டு விடாத வகைகள் பொதுவாக நீண்டநாள் தாங்கும். தண்டு விடும் வகைகள் அதைவிட முன்னதாகவே வாடும். ஆகவே பிந்தையதை முதலில் செலவழிக்க வேண்டும். நெகிழிப்பையில் கட்டி வைப்பது, எந்த வகைக்கும், கெடுப்பதற்கென்றே வைப்பதாகும். மாதத்துக்கு ஒருமுறை பைகளைக் கொட்டி, கையில் எடுக்கும்போது எடையின்றி இலேசாகத் தோன்றுபவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

உரித்த பூண்டை எண்ணெயில் ஊறவைத்துச் சேமிக்கலாமா?

அறை வெப்பத்தில் வைக்கவே கூடாது. பூண்டு மண்ணுக்குள் விளைவது. பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் மண்ணில் இருக்கும். காற்றில்லாத, புளிப்பில்லாத சூழல் அவற்றுக்குத் தேவை. எண்ணெய்க்குள் மூழ்கிய பச்சைப்பூண்டு அதை அப்படியே அமைத்துக்கொடுக்கிறது. 1985-ல் கனடாவின் வான்கூவர் நகரில் எண்ணெயில் இட்ட பூண்டின் காரணமாக 36 பேர் இந்நோய்க்கு ஆளானார்கள். நஞ்சு சேர்ந்திருப்பதை நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுப்பதில்லை. கட்டாயம் செய்ய வேண்டுமானால் சிறிதளவே செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

விதைப்பூண்டாக எதை, எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும்?

பூண்டு பயிரிடுவோரின் மனத்திடத்தைச் சோதிக்கும் கேள்வி இது. மிகப் பெரியதும் பார்வைக்கு அழகானதுமான பூண்டையே விதைக்கு ஒதுக்க வேண்டும். விற்க வேண்டும் என்று ஆசைப்படுவதும் அதைத்தான். பெரிய பல் பெரிய குமிழைத் தரும். தொடர்ந்து சிலவாண்டுகள் பெரியதை விற்றுச் சிறியதை நட்டால், மண்ணும் உரமும் மாறாதபோதும் விளைச்சல் சிறுத்துக்கொண்டே போவதைக் காணலாம்.

எவ்வளவு என்பது ஒரு பூண்டில் உள்ள பற்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு பூண்டில் நடத்தக்க பற்கள் பத்து இருந்தால், அதே பரப்பை மீண்டும் நிரப்பப் பத்தில் ஒரு பங்கு போதும். ஆறு பற்களே உள்ள வகையாக இருந்தால் ஆறில் ஒரு பங்கைத் தனியே வைத்தாக வேண்டும். இடையில் கெடுவதற்கும் முளைக்காமல் போவதற்கும் சேர்த்துச் சற்றுக் கூடுதலாக வைப்பது அறிவுடைமை. நடும்போது பல்லை முன்கூட்டியே உதிர்த்துவைக்காமல், நடும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ உதிர்க்க வேண்டும். வேர் கிளம்பும் அடித்தட்டு சிதையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் உண்மையை நினைவில் வைப்பது நல்லது. பயிரிடப்படும் பூண்டு ஏறக்குறைய முழுவதும் பூத்துக் காய்த்து விதை தருவதில்லை. பல்லை நட்டால் வருவது தாயின் அச்சு அசலான மறுபிறப்பு. அதனால் நல்ல குணம் மாறாமல் வரும். தாயிடமிருந்த நச்சுயிரியும் நூற்புழுவும் அப்படியே வரும். மேலே குறிப்பிட்டபடி சில செடிகளில் பூந்தண்டை விட்டுவைப்பது இதற்காகத்தான். அதன் உச்சியில் தோன்றும் சின்னஞ்சிறு குமிழ்மணிகள் மண்ணைத் தொடாதவை. ஆகவே மண்வழி நோய்கள் பெரும்பாலும் அவற்றில் ஒட்டுவதில்லை. அவற்றை நட்டு முழுப்பூண்டாக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பதால் இதைப் பொறுமையுள்ள ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

சில செடிகளில் பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாக வருவது ஏன்?

பல் பிரிய வேண்டுமானால் செடிக்கு முதலில் சில வாரக் குளிர்ச்சி, அதன்பின் நீளும் பகற்பொழுது ஆகியவை வேண்டும். குளிர்ச்சி போதாவிட்டாலும், மிகச் சிறிய பல்லை நட்டாலும், காலம் தாழ்த்தி நட்டாலும் ஒற்றைப்பூண்டு வரும். அது நோயன்று. உரிப்பதற்கு எளிது என்று அதையே விரும்பிக் கேட்பவர்களும் உண்டு, விதையாகவும் நடலாம்.

பூண்டு உரிக்காதவரை மணப்பதில்லை. நசுக்கியவுடன் மணம் எழுவது எதனால்?

பல்லுக்குள் அல்லியின் என்னும் மணமற்ற பொருளும் அல்லினேசு என்னும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது அறைகள் உடைந்து இரண்டும் கலக்க, சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. கந்தகம் கொண்ட இந்தப் பொருளை 1944-ல் காவல்லிட்டோ, பெய்லி என்னும் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். பூச்சியும் பூசணமும் தன்னைக் கடிக்காதிருக்கச் செடி வைத்திருக்கும் காவல் அது. அறுவடைக் காலத்தில் எங்கள் வீட்டுக் கதவு, துணி, கைப்பேசி என எல்லாவற்றிலும் அந்தக் காவல் நின்றுகொண்டிருக்கும்.

எந்த நோய்க்கு மிகவும் அஞ்ச வேண்டும்?

வெள்ளை அழுகலுக்கு. தாள் மஞ்சளாகிச் சாய, தோண்டிப் பார்த்தால் குமிழின் அடியில் பஞ்சுபோன்ற வெண்பூசணமும் கடுகைவிடச் சிறிய கருமணிகளும் இருக்கும். அந்தக் கருமணிகள் பூண்டோ வெங்காயமோ இல்லாத நிலத்திலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கியிருந்து, அவற்றின் வேரிலிருந்து கசியும் கந்தகப் பொருளின் வாடையை உணர்ந்ததும் விழித்துக்கொள்ளும். பூண்டின் காவலே இந்த ஒரு பகைவனுக்கு அழைப்பாகிவிடுகிறது. ஆகவே ஒரு செடியில் கண்டாலும் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள், அந்தப் பாத்தியில் பயன்படுத்திய கருவியையும் காலணியையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகாதீர்கள். அறிமுகமில்லாத இடத்திலிருந்து விதைப்பூண்டு வாங்குவதில் நாங்கள் காட்டும் தயக்கத்திற்கும் இதுவே காரணம்.

சிறு குடும்பத்திற்குப் பூண்டு கட்டுப்படியாகுமா?

ஒரு பல் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவில் 200 பற்கள். வரிசைக்கு வரிசை 20 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் 50 செடிகள்; அந்த ஒரு கிலோவுக்கு நான்கு சதுர மீட்டர் போதும். உலர்ந்த பூண்டு ஒன்று 30 கிராம் தேறினால் ஆறு கிலோ கிடைக்கும். ஐந்து முதல் எட்டு மடங்கு என்பது நல்ல பராமரிப்பில் எதிர்பார்க்கத்தக்கதே. இடம் சிறிது, விளைச்சல் போதுமானது, அவசரமாக விற்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்பதால் சிறு பண்ணைக்கு இது பொருந்தும் பயிர். ஆனால் உழைப்பைக் கணக்கிடாமல் இதைச் சொல்லக் கூடாது. எங்கள் குறிப்பேட்டின்படி தோண்டுவதைவிடக் களையெடுப்பதற்கும், உலர்ந்தபின் நறுக்கித் துடைத்துத் தரம் பிரிப்பதற்கும் கூடுதல் நேரம் செல்கிறது. அந்த நேரத்தைக் கூலியாள் வைத்துச் செய்யும் நிலை வந்தால், கணக்கு வேறாகிவிடும்.

பூண்டு எடுத்த நிலத்தில் அடுத்து என்ன செய்வது?

மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பூண்டையும் வெங்காயத்தையும் அந்தப் பாத்திக்குத் திரும்பக் கொண்டுவருவதில்லை. தோண்டியதால் மண் ஏற்கெனவே பொலபொலப்பாகியிருக்கும். உழாமலே மட்டம் செய்து, அவரையினப் பயிர் ஒன்றையோ கீரையையோ விதைத்துவிடலாம். உலர்த்தும் கொட்டகையில் பூண்டு சரசரக்கத் தொடங்கும் நாளில், வயலில் அந்தக் கீரை முளைத்திருக்கும். காலையில் பால் கறந்து முடித்தவர், கழுத்தை நறுக்கிப் பார்க்கப் போவதா, கீரைக்குத் தண்ணீர் காட்டப் போவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும். நாங்கள் கீரைக்கே முதலில் போவோம். உலர்ந்த பூண்டு இன்னும் ஒரு நாள் காத்திருக்கும்.